செவியின் உரிமை: ஓசை, நோய், நீதி – ஒரு வரலாற்று நோக்கு

ஒரே ஓசையை எல்லாச் செவிகளும் ஒரே விதமாகக் கேட்பதில்லை. பாத்திரம் உரசும் ஒலியும், கதவு அறையப்படும் ஒலியும், பேருந்தின் காற்று ஹாரனும் பலருக்கு ஒரு கணத் தொந்தரவு மட்டுமே. வேறு சிலருக்கோ அவை நெஞ்சைப் படபடக்கச் செய்து, தலையைப் பிளந்து, அன்றைய பொழுதையே பாழாக்கிவிடும் வாதையாகும். இத்தகையோரை நாம் பெரும்பாலும் நோயாளராகக் கருதுவதில்லை. சிடுசிடுப்புக்காரர் என்றும், பொறுமையற்றவர் என்றும், மனிதர்களோடு கலந்து பழகத் தெரியாதவர் என்றும் பெயரிட்டு ஒதுக்கிவிடுகிறோம். திருமண மண்டபத்திலிருந்து பாதியில் எழுந்து செல்பவர் கர்வம் பிடித்தவராகிறார். இரைச்சல் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டு அழும் குழந்தை பிடிவாதக்காரக் குழந்தையாகிறது.

இங்கே எழும் கேள்வி எளியதன்று. ஓசையைத் தாங்க இயலாதவர் தம்மைப் பழக்கிக்கொள்ள வேண்டுமா, அல்லது ஓசை எழுப்புவோர் அடங்க வேண்டுமா? இது நம் காலத்து இயந்திரங்கள் கொண்டு வந்த புதுக் கேள்வி எனப் பலர் எண்ணுவர். அவ்வாறன்று. இஸ்லாமிய நாகரிகம் இக்கேள்வியை மருத்துவரின் ஏட்டிலும், காழியின் மன்றத்திலும், இல்லத்தின் ஒழுக்கத்திலும் சந்தித்துள்ளது. ஒவ்வோர் இடத்திலும் கிடைத்த விடை வேறு. அவற்றை ஒருசேர வைத்து நோக்கும்போதுதான் முழுமையான விடை துலங்குகிறது.

மருத்துவரின் சாட்சியம்

ஹகீம் இப்னு சீனா (980–1037) இயற்றிய 'அல்-கானூன் ஃபித் திப்' ஐந்து பாகங்களைக் கொண்டது. அதன் மூன்றாம் பாகம் தலை முதல் கால் வரையிலான உறுப்புகளின் நோய்களை வரிசையாக விளக்குகிறது. தலைவலிகளைப் பற்றிப் பேசுமிடத்தில், தலை முழுவதையும் கவசம்போல் சூழ்ந்துகொள்ளும் நாட்பட்ட வலி ஒன்றை அவர் தனியே பிரித்துக் காட்டுகிறார். தலைக்கவசத்தைக் குறிக்கும் 'பைளா', 'கூதா' என்னும் அரபுச் சொற்களே அந்நோயின் பெயர்கள். இந்நோய் கண்டவர் ஓசையை வெறுப்பார், ஒளியை வெறுப்பார், மனிதர்களின் பேச்சையும் கூட்டத்தையும் வெறுப்பார், இருளில் தனியே படுத்திருப்பதையே விரும்புவார், தலையைச் சம்மட்டியால் அடிப்பது போன்ற வேதனையை உணர்வார் என்று அவர் விவரிக்கிறார்.

இவ்விவரிப்பின் சிறப்பு யாது? ஓசைக்கு அஞ்சி ஒதுங்குபவரை இப்னு சீனா குணக்கேடு உடையவராகக் காணவில்லை. அவருடைய ஒதுக்கத்தையே நோயின் அறிகுறியாகப் பதிவு செய்கிறார். காதிரைச்சலைப் பற்றிய பகுதியிலும், கேள்விப் புலன் மழுங்குவதால் மட்டுமன்றி, அது மிகக் கூர்மையாக இருப்பதாலும் துன்பம் விளையலாம் என்னும் கருத்து இடம்பெறுகிறது. குறைவும் நோயாகலாம், மிகுதியும் நோயாகலாம் என்னும் சமநிலைக் கொள்கையின் பயன் இது. ஒரு சமூகம் ஒருவரின் துன்பத்துக்கு நோய் எனப் பெயர் சூட்டும்போது, அவரைப் பழிப்பதை நிறுத்திக் கவனிக்கத் தொடங்குகிறது.

கொத்தமல்லி விதையும் காழியின் தீர்ப்பும்

மருத்துவர் நோயாளியைப் பார்க்கிறார். அவருக்கு அருகில் சுழலும் மாவாலையை யார் பார்ப்பது? அது காழியின் பொறுப்பு.

தீங்கு இழைத்தலும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்தலும் கூடாது என்னும் நபிமொழிக் கொள்கையின் மீதே அண்டை வீட்டார் உரிமை பற்றிய ஃபிக்ஹுச் சட்டங்கள் எழுந்தன. புகை, நாற்றம், அதிர்வு, பிறர் வீட்டை எட்டிப் பார்க்கும் சாளரம் ஆகிய யாவும் தீங்கின் வகைகளாக ஆராயப்பட்டன. இத்துறையில் நமக்குக் கிடைத்துள்ள அரிய நூல்களுள் ஒன்று 'அல்-இஃலான் பிஅஹ்காமில் புன்யான்'. இதை எழுதிய இப்னுர் ராமி, ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அதாவது கிறித்துவ ஆண்டு பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், துனிஸ் நகரில் வாழ்ந்தவர். அவர் ஒரு தலைமைக் கொத்தனார். கட்டட வழக்குகளில் காழிமார்கள் அவரை நிபுணராக அனுப்பி, நேரில் கண்டு வந்து கூறும்படி பணித்தனர். ஆகவே அவருடைய நூலில் மாலிக்கி மத்ஹபின் சட்டமும் சுண்ணாம்புக் கரண்டி பிடித்த கையின் அனுபவமும் இணைந்து நிற்கின்றன.

வீட்டுச் சுவரை ஒட்டி ஒருவர் மாவாலை அமைக்கிறார். அதன் அதிர்வால் தமக்குத் தீங்கு என்கிறார் வீட்டுக்காரர். இல்லை என்கிறார் ஆலைக்காரர். யார் சொல்வது உண்மை? இப்னுர் ராமி தரும் சோதனை வியப்புக்குரியது. ஒரு தாளின் நான்கு மூலைகளிலும் நூல் கட்டி, வீட்டுக்கும் ஆலைக்கும் இடையிலுள்ள சுவரின் பக்கம் கூரையிலிருந்து அதைத் தொங்கவிட வேண்டும். தாளின் மீது உலர்ந்த கொத்தமல்லி விதைகளை இட வேண்டும். பிறகு ஆலையைச் சுழற்றச் சொல்ல வேண்டும். விதைகள் குலுங்கினால் தீங்கு மெய். ஆலைக்காரர் ஆலையை அகற்ற வேண்டும். குலுங்காவிட்டால் வீட்டுக்காரர் தம் முறையீட்டைக் கைவிட வேண்டும்.

டெசிபல் அளவு தோன்றுவதற்கு ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகளுக்கு முன், சச்சரவைக் குரல் உயர்த்தித் தீர்க்காமல் ஒரு கருவியின் முன் நிறுத்திய முறை இது. வலியவர் எளியவர் என்னும் பேதம் அந்த விதைகளுக்குத் தெரியாது.

ஆயினும் ஒன்றை நாம் மறைக்கலாகாது. இச்சோதனை அளந்தது சுவரின் அதிர்வையே. மனிதச் செவியின் வேதனையை அன்று. வெறும் ஓசை மட்டுமே தடை செய்யத்தக்க தீங்காகுமா என்பதில் மாலிக்கி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. கொல்லரின் சுத்தியல் ஒலி போன்றவற்றைத் தடுக்க இயலாது என்றனர் சிலர். கடுமையாகவும் இடைவிடாமலும் இருந்தால் தடுக்கலாம் என்றனர் வேறு சிலர். பிழைப்புக்கான உரிமையும் ஓய்வுக்கான உரிமையும் மோதும் இடம் இது. எந்தத் தரப்பையும் எளிதில் தள்ளிவிட முடியாது.

நகர அமைப்பிலும் இதே இரு நிலைகளைக் காண்கிறோம். துனிஸின் ஸைத்தூனாப் பெரிய பள்ளிவாசலை ஒட்டி அத்தர் வணிகர்களின் கடைத்தெரு அமைந்தது. இரைச்சலும் நாற்றமும் மிக்க தொழில்கள் தள்ளியே இருந்தன. ஆனால் மொராக்கோவின் ஃபெஸ் நகரில், கராவிய்யீன் நூலகத்துக்கு அருகிலேயே உள்ள சஃப்ஃபாரீன் சதுக்கத்தில் செம்புக் கொல்லர்களின் சுத்தியல் இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. நம் முன்னோர்களின் நகரங்கள் யாவும் அமைதிப் பூங்காக்களாகத் திகழ்ந்தன என்று புகழ்ந்துரைப்பது வரலாறாகாது.

உதுமானியர் 1869 முதல் 1876 வரை தொகுத்த 'மஜல்லா' என்னும் சிவில் சட்டத் தொகுப்பு இம்மரபை விதிகளாக வடித்தது. குடியிருத்தல் போன்ற அடிப்படைப் பயன்பாட்டைத் தடுப்பதும், கட்டடத்துக்கு ஊறு செய்வதும் 'மிகைத் தீங்கு' என அதன் 1199ஆம் விதி வரையறுக்கிறது. அடுத்த விதி அத்தீங்கு எவ்வகையிலேனும் அகற்றப்பட வேண்டும் என்று கூறி, கொல்லர் பட்டறையின் சம்மட்டி அடியாலும் ஆலையின் சுழற்சியாலும் அடுத்த வீடு நலிவுறுவதை எடுத்துக்காட்டாகத் தருகிறது. 'மிகை' என்னும் சொல்லே இச்சட்டத்தின் வலிமை; அதன் எல்லையும் அதுவே. பொதுவான மனிதருக்கு மிகையாக இருப்பதைச் சட்டம் தடுக்கும். பொதுவானவர் தாங்கிக்கொள்ளும் ஓசையையும் தாங்க இயலாத ஒருவர் அச்சட்டத்தின் முன் நின்றால், அவருக்குச் சொல்ல அதனிடம் விடையில்லை.

சட்டம் எட்டாத இடம்

சட்டம் நிற்குமிடத்தில் ஒழுக்கம் தொடங்குகிறது. நம் மரபில் அதற்கு 'அதபு' என்று பெயர்.

மிக்தாத் (ரலி) அறிவிக்கும் செய்தி ஒன்று ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இரவில் வரும்போது, விழித்திருப்போர் கேட்கும் அளவுக்கும், உறங்குவோர் விழித்துக்கொள்ளாத அளவுக்கும் தாழ்த்தி ஸலாம் கூறுவார்கள் என்பது அதன் கருத்து. ஸலாம் கூறுவது நற்செயல். அதை எவரும் குற்றம் என்று வழக்காடப் போவதில்லை. எனினும் அந்நற்செயலுக்கே ஓர் அளவு வைக்கப்பட்டது. அந்த அளவை நிர்ணயித்தது கூறுபவரின் உற்சாகமன்று, உறங்குபவரின் செவி.

தொழுகையை நீட்டித் தொழ எண்ணி நிற்கையில் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் மனவேதனையை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொண்டதாக வரும் நபிமொழியும் இவ்வகையினதே. பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்தபோது தோழர்கள் உரத்து ஓதுவதைக் கேட்டுத் திரையை விலக்கி, ஒருவர் ஓதுதல் மற்றவருக்கு இடையூறாக அமையலாகாது என அறிவுறுத்தியதை அபூதாவூத் பதிவு செய்கிறது. ஓதப்பட்டது இறைமறையே, ஆயினும் அருகிலிருப்பவரின் அமைதி மறக்கப்படவில்லை. இதனால்தான் இமாம் நவவி (ரஹ்) போன்றோர், உரத்து ஓதுவதன் சிறப்பைக் கூறும்போதே, தொழுபவருக்கும் உறங்குபவருக்கும் தொல்லை விளையாதிருத்தலை நிபந்தனையாக வைத்தனர். குரலைத் தாழ்த்துமாறு கூறும் லுக்மான் அத்தியாயத்தின் 19ஆம் வசனமும், தொழுகையின் குரலுக்கு நடுநிலையைக் கற்பிக்கும் பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 110ஆம் வசனமும் இவ்வொழுக்கத்தின் வேர்கள்.

காழியின் முன் உறங்குபவர் தம் தீங்கை நிரூபிக்க வேண்டும். கொத்தமல்லி விதை குலுங்க வேண்டும். அதபின் முன் அவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அவர் உறங்குகிறார் என்பதே போதும்.

எதிர்னேயின் நீரூற்று

பிறர் குரலைத் தாழ்த்திய பிறகும் நோயாளியின் துன்பம் நோயாளியிடமே எஞ்சியிருக்கும். அவருக்குச் செய்யத்தக்கது என்ன? முற்றான மௌனத்தில் அவரை அடைத்து வைப்பதா?

இதற்கு விடை தேடி நாம் பீமாரிஸ்தான்களுக்குச் செல்ல வேண்டும். 1354இல் அலெப்போவில் எழுந்த அர்கூன் மருத்துவமனையில், மனநோயாளரின் அறைகள் நீரூற்றுள்ள சிறு முற்றங்களைச் சுற்றி அமைந்தன. அதனினும் புகழ்பெற்றது சுல்தான் இரண்டாம் பாயசீத் எதிர்னே நகரில் எழுப்பிய தாருஷ் ஷிஃபா. 1484இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1488இல் நிறைவுற்ற அந்தக் கட்டடத் தொகுதி, தூன்ஜா ஆற்றங்கரையில் பள்ளிவாசல், மருத்துவ மதரஸா, அன்னசாலை ஆகியவற்றோடு அமைந்தது. மருத்துவமனையின் நடுவே அறுகோண வடிவில் குவிமாடக் கூடம். அதன் மையத்தில் நீரூற்று. சுற்றிலும் கூடத்தை நோக்கித் திறக்கும் அறைகள். நடுவில் எழும் மெல்லோசை ஒவ்வோர் அறைக்கும் ஏறத்தாழச் சமமாகச் சென்று சேரும்படியான அமைப்பு இது.

பதினேழாம் நூற்றாண்டில் இதைக் கண்ட பயணி எவ்லியா செலபி, நோயாளர்களுக்காகப் பத்து இசைவாணர்கள் வக்ஃபு நிதியிலிருந்து நியமிக்கப்பட்டிருந்ததையும், வாரத்தில் மூன்று முறை அவர்கள் பாடியும் நெய், ஊது முதலிய கருவிகளை இசைத்தும் வந்ததையும் எழுதி வைத்துள்ளார். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளர்களையும் அவர் குறிப்பிடுகிறார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. எந்த இசை எந்த நோயைத் தீர்க்கும் என்று அக்காலத்தார் வகுத்த பட்டியல்களும் இன்றைய ஆய்வு முறையில் நிறுவப்பட்டவையல்ல. ஆனால் அடிப்படை எண்ணம் ஒன்று கவனிக்கத்தக்கது. கலங்கிய மனத்துக்கு அவர்கள் அளித்தது வெறுமையான மௌனமன்று. தாழ்ந்த, சீரான, எதிர்பார்க்கத்தக்க ஓசை. இக்கட்டடம் 1997 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது; 2004இல் ஐரோப்பிய மன்றத்தின் அருங்காட்சியக விருதைப் பெற்றது.

இன்றைய செவியியல் ஓசைத் துன்பத்தைப் பல வகையாகப் பிரித்து அறிகிறது. சாதாரண ஓசையும் தாங்க முடியாத உரப்பாகத் தோன்றுவது 'ஹைப்பர் அக்யூசிஸ்'. மெல்லும் ஒலி, உறிஞ்சும் ஒலி போன்ற குறிப்பிட்ட சில ஓசைகள் மட்டும் சினத்தையும் அருவருப்பையும் தூண்டுவது 'மிசோஃபோனியா'. இப்பெயர் 2001இல்தான் சூட்டப்பட்டது. தன்முனைப்புக் குறைபாடு எனப்படும் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலரிடமும் மிகுந்த ஓசைக் கூச்சம் காணப்படுகிறது. நோயறிதல் கையேட்டின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு இதையும் அறிகுறிகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

இவர்களுக்கு நிபுணர்கள் கூறும் அறிவுரை எதிர்னேயின் நீரூற்றை நினைவூட்டுகிறது. எந்நேரமும் காதை அடைத்துக்கொண்டிருந்தால், செவியும் மூளையும் இன்னும் கூர்மையாகி, நோய் மிகவே செய்யும். பட்டாசும் இயந்திரமும் வெடிக்கும் இடங்களில் காதடைப்பான் தேவைதான். அமைதியான வீட்டினுள் அது தேவையில்லை. முற்றிலும் ஓசையற்ற அறையைவிட, மின்விசிறியின் அல்லது நீரோட்டத்தின் மெல்லிய பின்னணி ஒலி உள்ள அறை நன்று. அஞ்சிய ஓசைகளைத் தம் கட்டுப்பாட்டில், தாழ்ந்த அளவில், சிறிது சிறிதாகப் பழக்கிக்கொள்ளுதல் நன்று. உறக்கக் குறைவும் கவலையும் கூச்சத்தை வளர்க்கும் என்பதால் அவற்றையும் கவனிக்க வேண்டும். காது மருத்துவரையும் செவியியல் வல்லுநரையும் நாடத் தயங்கக் கூடாது.

ஒலிபெருக்கியின் காலம்

இனி நம் தெருவுக்கு வருவோம். இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என வரம்பு விதித்தன. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் தூரத்தை அமைதி மண்டலமாக்க வகை செய்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடங்களில் ஒலிபெருக்கியைத் தடுத்தன. அதே ஆண்டு ஆகஸ்டில், சென்னைக் குடியிருப்பு ஒன்றில் எழுந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறர் அமைதியைக் குலைத்து, ஒலிபெருக்கி வழியே வழிபட வேண்டுமென எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம். நம் காலத்தின் கொத்தமல்லி விதை இந்த டெசிபல் அளவு.

இத்தகைய விதிகள் சில வேளைகளில் ஒரு சமூகத்தின் மீது மட்டும் கடுமையாகப் பாய்வதுண்டு என்னும் மனக்குறை நம்மிடையே உள்ளது. சட்டம் எல்லோருக்கும் ஒரே அளவினதாக இருக்க வேண்டும் என வலியுறுத்துவது நம் உரிமை. ஆனால் பிறரின் இரைச்சல் நம் இரைச்சலுக்குச் சான்றாகாது. தீங்குக்குத் தீங்கு கூடாது என்பது நாம் மேலே கண்ட கொள்கையின் மறுபாதி அன்றோ?

பாங்கு முஸ்லிமின் செவிக்கு அமுதம். அதன் வரலாறே இனிமையை நாடிய வரலாறு. கனவில் பாங்கின் சொற்களைக் கண்ட அப்துல்லாஹ் பின் ஸைத் (ரலி) அவர்களிடம், குரல் வளம் மிக்க பிலால் (ரலி) அவர்களுக்கு அவற்றைக் கற்பிக்குமாறு நபியவர்கள் பணித்தார்கள். கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்), அளவு மீறி இழுத்து இசைத்த முஅத்தின் ஒருவரிடம், எளிமையாகப் பாங்கு கூறும்படியும் இல்லையேல் விலகிக்கொள்ளும்படியும் கூறியதை இமாம் புகாரி (ரஹ்) குறித்துள்ளார். மினாராவில் நின்ற மனிதக் குரலுக்கு இயற்கையே ஒரு வரம்பு வைத்திருந்தது. மின்சாரம் அவ்வரம்பை நீக்கிவிட்டது. ஆகவே வரம்பை நாமே வைக்க வேண்டியுள்ளது. 2021 மே மாதத்தில் சவூதி அரேபியாவின் இஸ்லாமிய விவகார அமைச்சகம், வெளி ஒலிபெருக்கிகளைப் பாங்குக்கும் இகாமத்துக்கும் மட்டும் பயன்படுத்தவும், ஒலியளவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயர்த்தாதிருக்கவும் சுற்றறிக்கை விடுத்ததன் பொருள் இதுவே.

நம் மஹல்லாக்களில் இதற்காகப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. பாங்கு முடிந்த பின் நிகழும் பயானை உள் ஒலிபெருக்கியோடு நிறுத்திக்கொள்ளலாம். மீலாது விழா, திருமண ஊர்வலம் ஆகியவற்றில் ஒலிப்பெட்டிகளைக் குறைக்கலாம். தெருவில் நோயாளியோ பச்சிளம் குழந்தையோ இருக்கும் வீட்டின் திசையிலிருந்து கூம்பு ஒலிபெருக்கியைத் திருப்பி வைக்கலாம். ஓசைக்கு அஞ்சும் குழந்தையோடு வரும் தாய்க்குப் பள்ளிவாசலிலும் மண்டபத்திலும் ஒலிப்பெட்டிக்குத் தொலைவான ஓர் இடத்தை ஒதுக்கித் தரலாம். கூட்டத்திலிருந்து எழுந்து செல்பவரிடம் காரணம் கேட்டு நெருக்காதிருக்கலாம்.

வரலாறு நமக்குக் காட்டுவது பொறுப்பின் பங்கீட்டை. செவியைப் பழக்குதல் நோயாளியின் பங்கு. அதற்குத் துணை நிற்றல் மருத்துவத்தின் பங்கு. பொதுவான வரம்பைக் காத்தல் சட்டத்தின் பங்கு. அவ்வரம்புக்குக் கீழேயும் துன்புறும் ஒருவரை எண்ணிக் குரலைத் தாழ்த்துதல் நம் ஒவ்வொருவரின் பங்கு. முதல் மூன்றையும் பிறரிடம் கேட்டுப் பெறலாம். நான்காவதை யாரும் யாரிடமும் வழக்காடிப் பெற முடியாது. அது அளிக்கப்பட வேண்டும். உறங்குபவர் விழித்துக்கொள்ளாதபடி ஸலாம் கூறிய நபியின் உம்மத்துக்கு அது அரிய செயலன்று.